அமெரிக்க வக்கீலுக்குத் திரேஸ்புரத்தில் துக்கம்

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். என் சீனியர் மிராண்டா சார் வீட்டு முன்னறையில் முப்பது பெண்கள் தரையில் உட்கார்ந்து, எப்பிராயீம் டட்லோ என்ற அமெரிக்க வக்கீலின் ஆத்தும சாந்திக்காகச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மெழுகுவர்த்திப் புகையும், சோப்புப் போட்டும் போகாத மீன் வாசனையும் அறையில் கலந்து நின்றன. செபமாலையின் மூன்றாவது பத்து மணிகளை உருட்டி முடித்தபோது யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

டட்லோ பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர். அவர் செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த விவரம் அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று நான். மற்றவர், நாற்காலியில் கண்ணை மூடிக் கைகளைக் கட்டிக்கொண்டு துக்கம் காத்துக்கொண்டிருந்த மிராண்டா சார்.

எனக்குக் கூடுதலாக ஒரு சங்கடம். நான் நாசரேத்துக்காரி. எங்கள் புராட்டஸ்டன்ட் சபையில் இறந்தவருக்காகச் செபிக்கிற வழக்கம் கிடையாது. மண்ணைப் போட்டுவிட்டு வந்தால் மிச்சத்தைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார். அதனால் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே கோபம் கொதித்துக்கொண்டிருந்தது.

கோபம், முன்வரிசையில் உட்கார்ந்து செபத்தை நடத்திக்கொண்டிருந்த ரொசாரி அக்காவுக்காக. திரேஸ்புரம் ஏலக் கூடத்தில் மீன் எடுத்து விற்கிறவள். புருஷன் கப்பலுக்குப் போகிறவர், வருஷத்தில் பத்து மாதம் கண்ணில் படமாட்டார். அவள் வீட்டை இடித்து வழி போடப் பார்க்கிறது பக்கத்து ஐஸ் கம்பெனி. அதற்கு நாங்கள் வாங்கி வைத்திருந்த இடைக்காலத் தடை மறுநாள் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. சனிக்கிழமை ஜேசிபி வரும் என்று கம்பெனி ஆட்களே தெருவில் சொல்லியிருந்தார்கள். தடையை நீட்டிக்க வேண்டிய வக்கீல்தான் கண்ணை மூடியிருந்தார்.

மூன்று கட்சி கண்ட முன்னோடி

இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். மிராண்டா சார் இருபத்தைந்து வருஷமாக தூத்துக்குடி கோர்ட்டில் படகு மோதல், உப்பளத்து எல்லைத் தகராறு, பாகப்பிரிவினை என்று சகலமும் பார்த்தவர். குரல் நல்ல குரல். ஐம்பத்தைந்து வயதில் ஒரு நாள் கண்ணாடி முன்னால் நின்றவருக்கு, இந்தக் குரல் வாய்தா வாங்கியே வீணாகிறது என்று பட்டிருக்கிறது. வார்டு கவுன்சிலராக நிற்பது, அங்கிருந்து சட்டசபை, அதற்கு மேல் ஆண்டவர் சித்தம் என்று முடிவு செய்தார்.

அந்தச் சமயம் பார்த்து அமெரிக்காவில் இருக்கிற அவருடைய மகன், பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு வாழ்க்கை வரலாற்றை அப்பாவின் பிறந்தநாளுக்கு அனுப்பிவைத்தான். அட்டை கிழிந்த முந்நூறு பக்கம். சார் படங்களை மட்டும் பார்த்துவிட்டு அதை என் மேசையில் வைத்தார்.

"ஏம்மா எஸ்தர், நாசரேத்துப் பிள்ளைல்லா, இங்கிலீசு நல்லா வரும் உனக்கு. இதத் தமிழ்ல எழுது. வக்கீலா இருந்து நாட்டையே ஆண்ட மனுசன்."

நாட்டை ஆளவில்லை. ஒரு தடவை அவர்கள் நாடாளுமன்றமான காங்கிரஸ் சபைக்குப் போனார், அவ்வளவுதான். ஆனாலும் டட்லோ சுவாரசியமான பிறவி. மரக்கட்டை வீட்டில் பிறந்தார். (அந்தக் காலத்து அமெரிக்க அரசியல்வாதிகள் எல்லோருமே மரக்கட்டை வீட்டில்தான் பிறந்தார்கள். செங்கல் வீட்டில் பிறந்தவனுக்கு யாரும் ஓட்டுப் போடவில்லைபோல.) இரவல் வாங்கிய சட்டப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காமல் படித்து வக்கீலானார். குதிரையில் ஊர் ஊராகப் போய் ஆற்றுப் படகுக்காரர்களுக்கு வாதாடினார். பிறகு படகுக்காரர்களை விரட்டிய ரயில் கம்பெனிக்கும் வாதாடினார். இரண்டிலும் ஜெயித்தார்.

கட்சி மூன்று முறை மாறினார். அடிமை முறையைப் பற்றி ஆறு மணி நேரம் பேசினார். பேசி முடித்தபோது அவர் ஆதரிக்கிறாரா எதிர்க்கிறாரா என்று இரண்டு பத்திரிகைகள் இரண்டு விதமாக எழுதின. கவர்னர் தேர்தலில் தோற்று, கடைசியில் சொந்த ஊரில் பன்றி வேலி தாண்டிய வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டு செத்தார். எனக்கு அந்தக் கடைசி அத்தியாயம்தான் பிடித்திருந்தது. அவர் நிம்மதியாக இருந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

சாருக்கு அதுதான் பிடிக்கவில்லை. "தோத்த கதை எதுக்கும்மா? கவர்னருக்கு நின்னாருன்னு முடிச்சிரு. ஜெயிச்சாருன்னு அவங்களே நெனச்சிக்கிடுவாவ."

கட்சி மாறிய அத்தியாயங்களை முதலில் வெட்டச் சொன்னார். இரண்டு மாதம் கழித்து அவரே கட்சி மாறினார். "கொள்கைக்காக மாறுனாருன்னு திரும்பச் சேத்துரு" என்றார். சேர்த்தேன். மற்ற அத்தியாயங்களில் வந்த பன்றிகளை ஆடாக மாற்றச் சொன்னார். மாற்றினேன். நான் அப்போது மூன்று வருஷ ஜூனியர். மாற்று என்றால் மாற்றுகிற வயது.

இதில் இன்னொரு உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். டட்லோவுக்குச் செலவழித்த மாலைகளில் பாதியை ரொசாரி அக்காவின் வழக்குக் கட்டுக்குச் செலவழித்திருந்தால், தடை மனு எப்போதோ முழு விசாரணைக்கு வந்திருக்கும். புத்தகத்தில் என் பெயர் வரும் என்று சார் சொல்லியிருந்தார். எனக்கும் ஆசை இருந்தது.

சிப்பி ஏலம்

எங்கள் ஆபீஸ் அலமாரியில் முத்துக்குளிப்புக் காலத்து வழக்கு ஒன்றின் நகல் இருந்தது. சாரின் முன்னோர் யாரோ சம்பந்தப்பட்டது, தொட்டால் உதிரும். கடலிலிருந்து எடுத்த சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாகக் குவித்து ஏலம் விடுவார்களாம். ஏலத்தில் எடுத்தவன் திறந்து பார்க்கும்போது முத்தும் இருக்கலாம், வெறும் நாற்றமும் இருக்கலாம். ஏமாந்த ஒரு வியாபாரி போட்ட வழக்கு அது.

"தேர்தலும் இதேதான்" என்பார் சார். "தெறந்து காட்டப்பிடாது. மூடியே வச்சிருக்கணும்."

இந்தத் தத்துவத்தை அவர் முதலில் பயன்படுத்தியது பிளக்ஸ் போர்டில். புத்தக வெளியீடு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரேஸ்புரத்தில். ஞாயிறு கடலுக்குப் போகமாட்டார்கள், ஆண்கள் எல்லோரும் கரையில் இருப்பார்கள். அந்த வாரத்துப் புதன்கிழமை, தேதிப்படி டட்லோவின் நினைவு நாளாகவும் அமைந்தது. பிறந்த தேதி, இறந்த தேதி இரண்டையும் போர்டில் போடச் சொன்னார்.

"வருஷம் வேண்டாம்மா. வருஷத்தப் போட்டா ஏதோ பழைய ஆளுன்னு போயிருவாவ."

பிளக்ஸ் கடை அந்தோணி அண்ணாச்சி தொழிலில் சுத்தம். மங்கலான கறுப்பு வெள்ளைப் படத்துக்கு கம்ப்யூட்டரில் வண்ணம் கொடுத்தார். டட்லோவுக்குக் கன்னம் சிவந்தது, கண் நீலமானது, நேற்றுச் சவரம் செய்தவர் மாதிரி இருந்தார். தேதிகளைப் பார்த்ததும் அண்ணாச்சி தன்னிடம் தயாராக இருந்த இரங்கல் போர்டு மாதிரியில் படத்தைப் பொருத்திவிட்டார். மேலே இரண்டு மெழுகுவர்த்தி, நடுவில் படம், பக்கத்தில் தோற்றம், மறைவு. "என் குருவே, தகப்பனுக்குச் சமமானவரே, உங்கள் வழியில் நான்" என்று சார் கொடுத்த வாசகம். அதன் கீழே கும்பிட்ட கையோடு சார். எல்லாவற்றுக்கும் கீழே சின்ன எழுத்தில் நூல் வெளியீட்டு விழா.

சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான்தான். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

வியாழக்கிழமை காலையில் திரேஸ்புரம் ஏலக் கூடத்து வாசலில் போர்டைக் கட்டினார்கள். விழா பற்றிய கடைசி வரியை, அடுக்கி வைத்த மீன் பெட்டிகள் மறைத்துக்கொண்டன. எங்கள் கடற்கரையில் ஒரு படத்துக்கு மேலே மெழுகுவர்த்தியும் பக்கத்தில் மறைவும் இருந்து, கீழே ஒருவர் கும்பிட்டுக்கொண்டு நின்றால், அது என்ன போர்டு என்று யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். குளித்து, முக்காடு போட்டு, செபமாலையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சாரின் மருமகள் வெள்ளைக்காரி என்பதால் ஊர் மிச்சத்தையும் தானே பூர்த்தி செய்துகொண்டது. இறந்தவர் சாரின் குருவும் சம்பந்தி வீட்டுப் பெரியவரும் ஆனார். புதன்கிழமை அமெரிக்காவில் நெஞ்சுவலி என்று சாயங்காலத்துக்குள் விவரமே வந்துவிட்டது.

கேட்காத கேள்வி

செபம் முடிந்து பெண்கள் ஒவ்வொருவராகச் சாரிடம் கும்பிட்டு விடைபெற்றார்கள். அடுத்து ஆண்கள் வந்தார்கள். வேம்பாரிலிருந்து பஸ் ஏறி ஒரு கூட்டம் வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து கேனில் காப்பி வந்தது, துக்க வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாதே. நான் சாரை உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"சார், சொல்லிருவோம் சார்."

"என்னத்தச் சொல்ல? நாம பொய் சொன்னமா? செத்தாரா, இல்லியா?"

"செத்தாரு சார். ஆனா..."

"மறைவுன்னு போட்டோம். மறைஞ்சாரு. எப்ப மறைஞ்சாருன்னு யாராவது கேட்டாவளா? கேக்காத கேள்விக்குப் பதில் சொல்லுத பழக்கம் நம்ம தொழில்லயே கிடையாதும்மா." முன்னறையை எட்டிப் பார்த்தார். "நான் வீடு வீடாப் போய்க் கும்பிட்டிருந்தா இத்தன பேரப் பாத்திருப்பனா?"

அவர் முகத்தில் அப்படியொரு களையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கோர்ட்டுக்குப் போனால், வக்கீல் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் தீர்மானம் ஒட்டியிருக்கிறது. எங்கள் மூத்த உறுப்பினரின் குருநாதரும் அமெரிக்காவின் மூத்த வழக்கறிஞருமான திரு. டட்லோ அவர்களின் திடீர் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல். மரியாதை நிமித்தம் இன்று ஒரு நாள் உறுப்பினர்கள் யாரும் நீதிமன்றப் பணியில் கலந்துகொள்ளமாட்டார்கள்.

திங்கட்கிழமை அரசு விடுமுறை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சேர்ந்தாற்போல நாலு நாள். டட்லோவை எங்கள் சங்கம் மனமார நேசித்தது. ஊட்டிக்குப் போகிற ஒருவர் பெட்டியோடே வந்து இரண்டு நிமிஷ மௌனத்தில் நின்றார்.

சார் நடுவில் உட்கார்ந்து கை கொடுத்துக்கொண்டிருந்தார். அருகில் போய், "ரொசாரி கேஸ் சார், இன்னைக்குத் தடை முடியுது" என்றேன்.

"செவ்வாக்கிழம ஜட்ஜு முன்னால மென்சன் பண்ணிக்கிடலாம்."

"நாளைக்கு இடிச்சிருவாங்க சார்."

"எதிர்த்தரப்பு வக்கீலும் உள்ள போகமாட்டாருல்லா? எல்லாரும் சமம்." அடுத்த கை வந்தது, பிடித்துக்கொண்டார்.

ஐஸ் கம்பெனிக்கு வக்கீல் உள்ளே போகத் தேவையே இல்லை. தடை தானாக முடிந்துபோனால் போதும். இது சாருக்குத் தெரியாததில்லை.

பார்வையாளர் பெஞ்சு

முந்நூறு பக்கத்தையும் வரி வரியாகப் படித்தவள் என்பதால், டட்லோ இந்த இடத்தில் என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, வாய்தா வாங்கியிருப்பார்.

ரொசாரி அக்கா வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். காலை ஏலத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள். நேற்று செபத்தில் உடுத்திய அதே வெள்ளைச் சேலை. எனக்கு அழுகை வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், டட்லோ செத்த வருஷம் உட்பட. திட்டுவாள் என்று நினைத்தேன்.

"நூறு வருசத்துக்கு மேலயா?" என்றாள். "சரி, போவுது. அத்தன வருசமா யாரு அவருக்காகச் செபிச்சிருக்கப் போறா." பிறகு என் கையைப் பிடித்தாள். "ஏளா, அப்பம் என் வீடு?"

வக்கீல்கள் வராவிட்டாலும் கட்சிக்காரர் தானே நேரில் நின்று கேட்கலாம். சட்டத்தில் அதற்குத் தடை இல்லை, சங்கத்தாலும் அவளை எதுவும் செய்ய முடியாது. என்னைச் செய்ய முடியும். நான் உள்ளே போய் வாதாடினால் சங்கத்திலிருந்து நீக்குவார்கள், வேறு எந்த ஆபீசும் சேர்க்காது. தைரியமாக உள்ளே போனேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நான் செய்தது வேறு. மரத்தடியிலேயே ஒரு மனுவைக் கையால் எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினேன். கவுனையும் கழுத்துப் பட்டையையும் கழற்றிப் பைக்குள் திணித்தேன். வேடிக்கை பார்க்க வந்தவள் மாதிரி பின்பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். ரொசாரி அக்கா மனுவை நீட்டினாள். நீதிபதி வயதானவர், சாந்தமானவர். மேலோட்டமாகப் பார்த்தார்.

"உங்க வக்கீல் எங்கம்மா?"

"துக்கத்துல இருக்காவ அய்யா."

"அப்ப செவ்வாய்க்கிழமை அவரோடயே வாங்க. இன்னைக்கு யாரும் வரலை. எல்லா வழக்கையும் தள்ளித்தான் வைக்கிறேன்."

"நாளைக்கு இடிக்க வாரான் அய்யா."

"எதிர்த்தரப்பும் இல்லையேம்மா. ஒரு பெரியவர் இறந்திருக்கார், ஒரு மரியாதை..."

ரொசாரி அக்காவுக்கு மெதுவாகப் பேச வராது. நூறு பேர் கத்துகிற ஏலக் கூடத்தில் பழகிய குரல். அன்று அதைப் பாதியாகக் குறைத்துத்தான் பேசினாள், ஆனாலும் வராந்தா வரை கேட்டது.

"அய்யா, அவருக்கு நேத்தே நாங்க செபமாலை அம்பத்துமூணு மணியும் சொல்லி அழுது முடிச்சாச்சு. எனக்குத் தெரிஞ்ச செபம் பூரா சொல்லியாச்சு. அவருக்கு இனிமே ஒரு கொறையும் கிடையாது. எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைய. நாளைக்கு இந்நேரம் அதுகள எங்கன கொண்டு வைக்க? உங்களால முடியாதுன்னா முடியாதுன்னு எழுதிக் குடுங்க. நான் ஜேசிபிக்கு முன்னால போயி உக்காந்துக்கிடுதேன்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். மனுவைத் திரும்பவும் முதலிலிருந்து, இந்த முறை மெதுவாகப் படித்தார். ஐஸ் கம்பெனிக்காக யாரும் எழுந்து நிற்கவில்லை, அவர்களுடைய வக்கீல் டட்லோவுக்காக வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். மறு உத்தரவு வரும்வரை தடை நீட்டிக்கப்படுகிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நான் பின்பெஞ்சில் முகத்தைப் பைக்குள் புதைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷம் பாதி. உட்கார்ந்திருந்த இடத்தை நினைத்து வந்த வெட்கம் பாதி.

முன்னறையில்

சாயங்காலம் நானும் ரொசாரி அக்காவும் சார் வீட்டுக்குப் போனோம். அன்றைக்கும் முன்னறை நிறைந்திருந்தது. விஷயம் அவர் காதுக்கு ஏற்கெனவே வந்திருந்தது. திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன்.

சார் என்னைப் பார்த்துவிட்டு, வந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

"பாத்தியளா? இவ்வளவு பெரிய துக்கத்துலயும் நம்ம ஆபீசு வேல நிக்கல. ஏழையோட வீட்டக் காப்பாத்திட்டுத்தான் இந்தா உக்காந்திருக்கேன்."

அறையில் ஒரு முணுமுணுப்பு, பாராட்டுத்தான். கட்சிக்கூட்டத்தில் நாலு மணி நேரம் பேசினாலும் கிடைக்காதது. எல்லோரும் ரொசாரி அக்காவைப் பார்த்தார்கள், அவள் நன்றி சொல்வதற்காக.

அவள் சொன்னாள். கையைக் கும்பிட்டு, முழுக்குரலில்.

"வக்கீல் அண்ணாச்சி நல்ல மனுசன். தகப்பனுக்குச் சமானமானவருன்னு போர்டுல போட்டு, ஊருக்கே சொல்லிட்டாவ. இனி வருசம் திரும்புத வரைக்கும் நல்லது பொல்லதுக்கு முன்ன நிக்கப்பிடாது, மேட ஏறப்பிடாது. அதனால இந்தத் தேர்தலயே வேண்டாம்னு விட்டுக்குடுத்துட்டாவன்னு எங்க தெருவுல பேசிக்கிட்டாவ. யாரு செய்வா இந்தக் காலத்துல?"

வயதான ஆண்கள் மூன்று பேர் தலையசைத்தார்கள். ஒருவர் எழுந்து வந்து சாரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சார் வாயைத் திறந்தார். இருபத்தைந்து வருஷம் கோர்ட்டில் முழங்கிய அந்தக் குரல் வராமல் போய் நான் கண்டது அன்றுதான்.

"துக்கத்துல இருக்கவங்கள நானும் கோர்ட்டுக்கு இழுக்கப்பிடாது" என்றாள் ரொசாரி அக்கா. இடுப்பிலிருந்து மடித்த தாளை எடுத்துப் பிரித்தாள். இந்த வழக்கை இனி எஸ்தர் நடத்துவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று சார் பெயரில் எழுதிய தாள். கோர்ட் வாசல் டைப் கடையில் எப்போது போய் எழுதி வாங்கினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க அண்ணாச்சி. இந்தப் பிள்ள பாத்துக்கிடும்."

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சார் சட்டைப்பையைத் தடவினார். பேனா இல்லை.

நான் என் பேனாவைத் திறந்து அவரிடம் நீட்டினேன்.